பிரிட்ஜுக்குப் போகும் அந்த ஒரு வயர்

ஹட்டனில் பழைய சாமான் விற்கும் ஓர் இடத்தில் அந்தக் கிட்டாரை வாங்கினேன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் செய்த மலிவான கொப்பி. கழுத்து வளையாமல் இருந்தது, கழுத்தில் பதித்த பிரெட் கம்பிகள் தேயவில்லை, விலையும் கைக்கு எட்டியது. மழை நாள் என்பதால் உரப்பை ஒன்றால் சுற்றி, நோர்வூட் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து சத்தத்தைப் பெருக்கும் சின்ன ஆம்பில் மாட்டி வொலியூமைத் திறந்ததும் காம்பரா முழுக்க ஓர் இரைச்சல். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "என்னா சத்தம் அது, டிவி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

எலக்ட்ரிக் கிட்டாரில் கொஞ்சம் இரைச்சல் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் வாசிக்கும் அண்ணனின் கிட்டாரிலும் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் ஸ்ட்ரிங்கில் கை வைத்ததும் அது அடங்கிவிடும். என் கிட்டாரில் ஆறு ஸ்ட்ரிங்கையும் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாலும் ஒன்றும் மாறவில்லை. கேபிள் குத்தும் இடமான ஜாக்கின் உலோகத் தகட்டை விரலால் தொட்டபோது மட்டும் பாதிக்கு மேல் அடங்கியது. விரலை எடுத்தால் திரும்ப வந்தது.

அந்த ஒரு அடையாளத்தை வைத்தே என்ன பழுது என்று சொல்லிவிடலாம். ஜாக்கைத் தொட்டால் அடங்குகிறது, ஸ்ட்ரிங்கைத் தொட்டால் அடங்கவில்லை என்றால், ஸ்ட்ரிங்குக்கும் ஜாக்குக்கும் இடையில் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. அன்று எனக்கு இது தெரியாது. ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் பிக்அப் கெட்டுவிட்டது, வொலியூமைக் கூட்டிக் குறைக்கும் பொட் தேய்ந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். சம்பளம் வந்த கையோடு 250 கிலோ ஓம் பொட் மூன்று, புது ஜாக் ஒன்று, டோனுக்கு ஒரு கண்டென்சர் எல்லாம் வாங்கி, முன்பக்க பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி முழு வயரிங்கையும் புதிதாகச் செய்தேன். ராத்திரி ராத்திரியாக மூன்று வாரம் போனது. மாட்டிப் பார்த்தால் அதே இரைச்சல், அதே அளவில்.

கடைசியில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்தில் ரேடியோ திருத்தும் பாஸிடம் போனேன். கிட்டாரைத் திறந்து பார்த்த பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் 40 வருஷமாக ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் திறந்த கை. மேசை மேல் வைத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஆறு கம்பியும் இரும்பு தானே. இது எங்க எர்த் ஆகுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மீட்டரின் ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் மறுமுனையைக் கேபிளின் வெளி உலோகத்திலும் வைத்தார். திரையின் இடது ஓரத்தில் வெறும் '1' நின்றது. அந்த மலிவு மஞ்சள் மீட்டர்களில் அதற்கு அர்த்தம், தொடர்பே இல்லை என்பது.

பின்பக்க மூடியைக் கழற்றினோம். ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் அங்கேதான் ஸ்பிரிங்குகள் இருக்கும். ஸ்ட்ரிங்குகள் வந்து உட்காரும் பிரிட்ஜின் கீழே தொங்கும் கனத்த உலோகக் கட்டையில் ஒரு முனை, மரத்தில் இரண்டு நீளத் திருகாணியால் இறுக்கிய நகம் போன்ற தகட்டில் மறுமுனை. அந்த நகத் தகட்டில் காய்ந்துபோன ஈயக் குமிழ் ஒன்று ஒட்டியிருந்தது. அதிலே வயர் இல்லை. பக்கத்தில் மரத்தைக் குடைந்த சின்ன ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது, கறுப்பு வயரின் நுனி ஒன்று உள்ளே ஒளிந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் முன்பக்கத்தையே திறந்து திறந்து பார்த்திருக்கிறேன். பழுது பின்பக்கத்தில் இருந்தது.

அந்த வயர் என்ன வேலை செய்கிறது என்பதை அன்று பாஸ் ரேடியோ பாஷையில் விளக்கினார். பின்னால் நான் படித்தும் செய்தும் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 சைக்கிள், அதாவது 50 முறை திசை மாறித் திரும்ப வருவது. சுவரில் ஓடும் ஒவ்வொரு வயரைச் சுற்றியும் அதன் மின்புலம் பரவியிருக்கும். தோட்டத்து வீடுகள் சுவரோடு சுவராக வரிசையில் நிற்கும் லயத்துக் காம்பராவில் இது இன்னும் நெருக்கம். வயரிங் பெரும்பாலும் சுவருக்கு மேலேயே ஓடும், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு வயரிங். நடுவில் நிற்கும் மனித உடம்பு, உப்புத் தண்ணீர் நிரம்பிய ஒரு பெரிய ஏரியல். அது அந்த 50 சைக்கிளைப் பிடித்து, ஒரு சாண் தூரத்தில் இருக்கும் பிக்அப்புக்கும் வயரிங்குக்கும் கொடுக்கும். பிக்அப் என்பது தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய சுருள். அதன் சிக்னல் மிகச் சின்னது. ஆம்ப் அதைப் பெருக்கும்போது உடம்பு கொடுத்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும்.

ஸ்ட்ரிங்கை ஆம்பின் கிரவுண்டோடு, அதாவது ஜாக்கின் வெளி உலோகம் சேரும் அதே பொது இணைப்போடு, சேர்த்துவிட்டால் கதை மாறுகிறது. நீங்கள் ஸ்ட்ரிங்கைத் தொட்ட கணமே உங்கள் உடம்பும் அதே கிரவுண்டில் சேர்ந்துவிடுகிறது. அதுவரை இரைச்சலைக் கொடுத்த உடம்பு, இப்போது பிக்அப்புக்கு முன்னால் நிற்கும் மறைப்பாகிவிடுகிறது. பட்டரியில் ஓடும் சின்ன ஆம்பிலும் இது வேலை செய்யும். உடம்பும் ஆம்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும், அதற்கு மண்ணுக்குள் போகும் கம்பி வேண்டும் என்பதில்லை. அதனால் 'கையை எடுத்தால் இரைச்சல் வருகிறது, வைத்தால் அடங்குகிறது' என்று யாராவது பயந்தால், பிரிட்ஜ் வயர் ஒழுங்காக இருக்கிறது என்றுதான் அர்த்தம். கை எடுத்தபோது வரும் இரைச்சல் அதிகமாக இருந்தால், உள்ளே செப்புத் தாள் ஒட்டி மறைப்பைச் சரி செய்யலாம். அந்தத் தாளையும் கிரவுண்டோடு சேர்க்க மறக்கக் கூடாது. சேர்க்காத செப்புத் தாள் வெறும் அலங்காரம்.

இன்னொரு வகை இரைச்சல் இருக்கிறது. அதை இந்த வயர் தொடவே தொடாது. டிரான்ஸ்ஃபோமர், மோட்டார் போன்றவற்றின் காந்தப்புலத்தை ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் கொயில் பிக்அப் நேரடியாகப் பிடிப்பது அது. இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. ஸ்ட்ரிங்கைத் தொட்டபடியே, ஆம்பைப் பார்த்து நின்று, மெதுவாக உடம்போடு திரும்புங்கள். ஒரு திசையில் இரைச்சல் கூடி இன்னொரு திசையில் கிட்டத்தட்ட மறைந்தால் அது காந்தம். அதற்காகத்தான் 1955-இல் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராகச் சேர்த்து ஹம்பக்கர் என்ற பிக்அப்பைச் செய்தார். திரும்பினால் மாறாமல், தொட்டால் மட்டும் மாறினால், அது நான் சொல்லும் வயரின் விஷயம்.

சரி, வயரைத் திரும்ப ஒட்டிய கதைக்கு வருகிறேன். ஒரு வயர், ஒரு ஈயப்பொட்டு, பத்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். இந்த முழு வேலையிலும் கஷ்டமான இடம் அதுதான்.

நகத் தகடு கனமான உலோகம். அதனோடு ஸ்பிரிங்குகள், ஸ்பிரிங்குகளோடு பிரிட்ஜ் கட்டை. நீங்கள் கொடுக்கும் சூட்டையெல்லாம் அது குடித்துக்கொண்டே இருக்கும். என்னிடம் இருந்தது ஈயம் ஒட்டும் 25 வொட் அயன். ராத்திரி ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் லைட்டும் டிவியும் போட்டிருக்கும் நேரம், வோல்டேஜும் இறங்கியிருந்தது. ஈயம் தகட்டில் பரவாமல் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றது. ஆறியதும் வயரை லேசாக இழுத்தேன். குமிழோடு கழன்று வந்தது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, அதே கதை. மூன்றாம் முறை ஒட்டியது இழுத்தபோது வரவில்லை. சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்ததைப் பார்த்தும் 'போதும்' என்று மூடிவிட்டேன். நாலாம் நாள் விட்டுப்போனது. பளபளப்பில்லாமல் சொரசொரப்பாக உட்கார்ந்திருக்கும் ஈயத்தை நம்பவே வேண்டாம்.

பிறகு பாஸிடம் 60 வொட் அயனை இரவல் வாங்கி வந்தேன். கூடவே அவர் சொன்ன முறை இது. முதலில் ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட வேண்டும், அப்போது சூடு வீணாகப் போகாது. தகட்டின் ஓர் ஓரத்தை, நகம் அளவு இடத்தை, மண்ணெண்ணெய் அடுப்புத் தேய்ப்பது போல அழுத்தி மணல் தாளால் தேய்க்க வேண்டும். மினுக்குப் பூச்சு போய் வெறும் உலோகம் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்துப் பனியிலும் மழையிலும் அந்தத் தகடு கண்ணுக்குத் தெரியாத துருவோடுதான் இருக்கும், பூச்சு பளபளப்பாக இருந்தாலும். தேய்த்த இடத்தில் ரெசின் தடவி, அயனின் அகலமான பக்கத்தை வைத்து, தகடு சூடாகும் வரை பொறுத்து, ஈயத்தை அயனில் வைக்காமல் தகட்டில் வைக்க வேண்டும். தகட்டின் சூட்டில் ஈயம் தானாக உருகிப் பரவினால்தான் பிடிக்கும். சுற்றிலும் ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் ஒரு தடவை கொப்புளித்தால் திரும்பாது. வயர் நுனியில் தனியாக ஈயம் ஏற்றிவைத்து, பிறகு இரண்டையும் சேர்த்தால் மூன்று விநாடி வேலை.

தகர வேலைக்காரர்கள் பாவிக்கும் அசிட் மட்டும் வேண்டாம். அதில் ஈயம் அழகாகப் பிடிக்கும், ஆனால் மிச்சம் நிற்கும் அசிட் சில மாதத்தில் வயரையே பச்சையாக அரித்துவிடும். வயரும் பல இழைகள் சேர்ந்ததாக இருக்கட்டும். பழைய இயர்ஃபோன் வயரில் நான் முயன்று பார்த்தேன். அதன் இழைகளுக்கு மேல் மெல்லிய வார்னிஷ் இருக்கிறது, ஈயம் ஒட்டாது. பழுதான ரேடியோவிலிருந்து எடுத்த சாதாரண வயர்தான் கடைசியில் உதவியது.

மறுமுனை வொலியூம் பொட்டின் முதுகில். அங்கே எதிர்ப் பிரச்சினை: அதிக நேரம் சுட்டால் பொட்டின் உள்ளே இருக்கும் கரித்தடம் கெட்டுவிடும். தேய்த்து, வேகமாக ஒட்டி, கையை எடுத்துவிட வேண்டும்.

எல்லாம் முடிந்தது. ஸ்ட்ரிங் கட்டி, ஆம்பில் மாட்டி, ஸ்ட்ரிங்கைத் தொட்டேன். இரைச்சல் இரண்டு மடங்காக அலறியது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து மீட்டரை எடுத்தேன். முதல் நாள் ஒட்டி முடித்தபோது ஸ்ட்ரிங்குக்கும் ஜாக்கின் வெளி உலோகத்துக்கும் வைத்துப் பார்த்திருந்தேன், மீட்டர் 'பீப்' என்று கத்தியது. இப்போது வைத்தால் 6 கிலோ ஓம் காட்டியது. ஒரே இடம், இரண்டு விடை. கொஞ்ச நேரம் குழம்பிய பிறகுதான் பிடிபட்டது. முதல் நாள் வொலியூம் பூச்சியத்தில் இருந்தது. இப்போது முழுதாகத் திறந்திருந்தது.

வொலியூமைப் பூச்சியத்துக்கு இறக்கினால் பொட் சிக்னல் வயரையும் கிரவுண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். அப்போது எதை எதோடு வைத்தாலும் மீட்டர் கத்தும். அதனால் இந்தப் பரிசோதனையை வொலியூமை முழுதாகத் திறந்துவிட்டே செய்ய வேண்டும். திறந்து பார்த்தபோது தெரிந்த 6 கிலோ ஓம், பிக்அப் சுருளின் எதிர்ப்பு. அப்படியானால் ஸ்ட்ரிங் ஜாக்கின் வெளி உலோகத்தில் சேரவில்லை, சிக்னல் போகும் நுனிப் பக்கத்தில் சேர்ந்திருக்கிறது. ஜாக்கைத் திறந்தேன். புது ஜாக் போட்ட அன்றே இரண்டு வயரையும் இடம் மாற்றி ஒட்டியிருக்கிறேன். பிரிட்ஜ் வயர் அறுந்திருந்த வரை அந்தத் தவறு மறைந்து கிடந்தது. வயரை ஒட்டியதும், ஸ்ட்ரிங்கும் பிரிட்ஜும் என் உடம்பும் நேராக ஆம்பின் உள்வாயிலுக்குள் போய்விட்டன. மாற்றி ஒட்டினேன். தொட்டேன். காம்பரா அமைதியானது. வெளியே பீலியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்று யார் கேட்டாலும் முதலில் ஜாக்கின் இரண்டு வயரைப் பாருங்கள் என்று சொல்கிறேன். பத்தில் பத்தும் அதுவாகத்தான் இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் அது.

மற்றக் கிட்டார்களில் இந்த வயர் வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். டெலிகாஸ்டர் வகையில் பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் வெறும் வயர் நுனியை விரித்துவிட்டு, தகட்டை ஆணியால் இறுக்கியிருப்பார்கள். லெஸ் பால் வகையில் பிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்ட்ரிங்குகளின் முனையைப் பிடித்திருக்கும் கட்டையின் தூண் இறங்கும் குழிக்குள் வயரை விட்டு, உலோகக் குழாயை அடித்து இறக்கியிருப்பார்கள். அங்கே ஈயமே கிடையாது, மரத்தின் அழுத்தம் மட்டும்தான். கறுப்புப் பூச்சுப் பூசிய பிரிட்ஜ் சிலவற்றில், வயர் சரியாக இருந்தும் ஸ்ட்ரிங் உட்காரும் சின்னக் கட்டைகளில் பூச்சுத் தடையாக நிற்கும். மீட்டரைத் தகட்டில் வைத்தால் கத்தும், ஸ்ட்ரிங்கில் வைத்தால் கத்தாது. எப்போதும் ஸ்ட்ரிங்கிலேயே வைத்துப் பாருங்கள். 1 ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால் நல்லது. ஈஎம்ஜி போன்ற பட்டரி போட்ட பிக்அப்புகளுக்கு இந்த வயர் வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அவற்றின் மறைப்பு உள்ளேயே இருக்கிறது.

இதுவரை சொன்னது இரைச்சல். இனிச் சொல்வதற்காகத்தான் உண்மையில் இதை எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. கோயில் வளவில் மேடை. பின்னேரம் மழை பெய்து விட்டிருந்தது. மேடைப் பலகையில் விரித்த சாக்கு ஈரம். கோயில் என்பதால் எல்லோரும் வெறுங்கால். ஒலிபெருக்கி செட்டுக்குக் கோயிலிலிருந்து கரண்ட். என் ஆம்புக்கு இடம் போதாமல், மேலே இருந்த லயத்து வீடொன்றிலிருந்து நீள வயர் இழுத்துக் கொடுத்தார்கள். கிட்டாரை மாட்டி, இடது கையால் ஸ்ட்ரிங்கைப் பிடித்தபடி, "ஹலோ, செக்" சொல்ல மைக்குக்குக் கிட்டே போனேன். உதடு மைக்கின் வலையில் பட்டது.

பல்லில் யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. தலை தானாகப் பின்னால் போனது. கை ஸ்ட்ரிங்கை விட்டுவிட்டது, அது என் பாக்கியம். உதட்டில் இரண்டு நாள் மரத்துப்போன உணர்ச்சி இருந்தது.

மேடையில் இருந்த ஒருவர், நல்ல மனசோடுதான், "அண்ணே, அந்த பிரிட்ஜ் வயர வெட்டிப் போடுங்க. கம்பியில கரண்ட் வராது தானே" என்றார். அந்த யோசனை பலருக்கும் தெரிந்த யோசனை. அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்: வெட்ட வேண்டாம். வெட்டினால் ஸ்ட்ரிங் மட்டும் பிரியும். ஜாக் தகடு, கேபிளின் உலோகத் தலை, ஆம்பின் உடல் எல்லாம் அதே கரண்டோடு அப்படியே நிற்கும். அடுத்த ஆள் ஆம்பை நகர்த்தக் கை வைப்பான். பிரிட்ஜ் வயர் கரண்டை உண்டாக்கவில்லை. ஆம்பில் ஏற்கெனவே இருந்த கோளாறை என் கைக்குக் கொண்டுவந்து காட்டியது, அவ்வளவுதான்.

அன்று ஆம்பை நிறுத்திவிட்டு சாதாரண கிட்டாரை மைக் முன்னால் வைத்து வாசித்தேன். மறுநாள் அதே வயரையும் ஆம்பையும் வைத்துத் தேடினோம். ஆம்பின் ப்ளக் வட்ட இரண்டு முள் வகை, எர்த் தொடர்பு அதன் பக்கவாட்டில் இருக்கும் தகட்டில். அதற்குப் போட்டிருந்த மாற்று ப்ளக்கோ அந்தத் தகட்டைத் தொடவே இல்லை. நீள வயரின் உள்ளே எர்த் வயர் ஒட்டாமல் மடித்து விடப்பட்டிருந்தது. அந்த வீட்டு சொக்கெட்டில் மூன்றாம் ஓட்டை இருந்தது, அதன் பின்னால் வயர் இல்லை. எர்த் மூன்று இடத்தில் அறுந்திருந்தது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் மறுமுனையை மைக் வலையிலும் வைத்தால் 90 வோல்ட் காட்டியது. ஆம்பின் மின் வடிகட்டியிலிருந்து கசிந்த கரண்ட் அது, அளவில் குறைவு. அதனால்தான் நான் இன்று இதை எழுதுகிறேன். கசிவாக இல்லாமல் லைவ் வயரே உள்ளே உடலில் பட்டிருந்தால், ஈரக் காலோடு நிற்கும் உடம்புக்கு ஆயிரம் ஓம் என்று வைத்தாலும் 230 மில்லிஆம்பியர் ஓடியிருக்கும். வீட்டு ட்ரிப் ஸ்விட்ச் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழுந்து கரண்டை நிறுத்தும்படி செய்திருப்பது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

1972-இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே இறந்தார். எர்த் சரியில்லாத மைக், கையில் கிட்டார் ஸ்ட்ரிங். பெரிய குழு, பெரிய மேடை. கோயில் வளவில் சாக்கு விரித்த பலகை மேல் நிற்கும் நம் பிள்ளைகளை அந்தச் செய்தியோடு சேர்த்தே நினைக்கிறேன்.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும். அந்தத் தண்ணீர் மலைக்குள் இறங்கி நோர்ட்டன் பிரிட்ஜ் என்ற ஊரில் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுற்றவைத்து, அப்புறம் லக்ஷபானவுக்குப் போகிறது. நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் தண்ணீர் ஓடுகிற மலையில், லயத்து வீடு பலவற்றில் எர்த் கம்பி இல்லாமல் பிள்ளைகள் அயனும் ஆம்பும் பாவிக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. எங்கள் வீட்டுக்கு லைசன்ஸ் உள்ள வயரிங் பாஸைக் கூப்பிட்டு, பின்னால் தண்ணீர் வடியும் கான் ஓரம் எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் எர்த் கம்பி அடித்து, ட்ரிப் ஸ்விட்சும் போட்டோம். மேலே பாறை, இரண்டு இடத்தில் கம்பி இறங்கவில்லை, மூன்றாம் இடத்தில்தான் இறங்கியது. கிட்டாருக்குச் செலவழித்ததை விட அதற்குச் செலவு அதிகம். அந்த வேலையை நாமே செய்யக் கூடாது. கிட்டாருக்குள் இருப்பது மில்லிவோல்ட், சுவருக்குள் இருப்பது வேறு.

இப்போது எந்த மேடைக்குப் போனாலும் மீட்டர் பையில் இருக்கும். வீட்டிலேயே, ப்ளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் எர்த் முள்ளுக்கும் ஆம்ப் உடலின் ஆணிக்கும் இடையில் பார்த்துக்கொள்வேன், கத்த வேண்டும். மேடையில் ஆம்பும் மைக் செட்டும் ஒரே சொக்கெட்டிலிருந்து, ஒரே பலகையில் குத்தும்படி கேட்பேன். தர மறுத்தால் வயர் நீளத்துக்கு நானே காசு கொடுப்பேன். பாட ஆரம்பிக்கும் முன் ஸ்ட்ரிங்குக்கும் மைக்குக்கும் இடையில் ஏசி வோல்ட். ஒன்று, ஒன்றரை வோல்ட் காட்டினால் வாசிப்பேன். பத்து, இருபது என்று காட்டினால் ஆம்பைத் தொட மாட்டேன், யார் என்ன சொன்னாலும். மீட்டர் இல்லாதவர்கள் டெஸ்டரையாவது ஸ்ட்ரிங்கில் வைத்துப் பாருங்கள், சின்ன வெளிச்சம் வந்தாலும் நிறுத்திவிடுங்கள். வெளிச்சம் வராததை மட்டும் நம்பிவிட வேண்டாம், மைக் பக்கம் கோளாறு இருந்தால் அது காட்டாது. வயர்லெஸ் வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம், கேபிள் வழியான தொடர்பே இல்லாமல் போய்விடும். சிலர் பிரிட்ஜ் வயரின் நடுவில் ஒரு ரெசிஸ்டரும் கண்டென்சரும் போட்டுக் கரண்டைக் குறைக்கிறார்கள். தவறில்லை, ஆனால் அதைப் போட்டுவிட்டு எர்த்தைப் பார்க்காமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

போன மாசி மாதம் அக்கா மகன் தன் கிட்டாரோடு வந்தான். லெஸ் பால் வடிவம். "மாமா, சில நேரம் தொட்டா அடங்குது, சில நேரம் அடங்க மாட்டேங்குது" என்றான். ஸ்ட்ரிங்கில் மீட்டரை வைத்துக்கொண்டு தூணை லேசாக ஆட்டச் சொன்னேன். கத்தும், நிற்கும், கத்தும். இரண்டு மாதம் மழையில்லாத காலம், மரம் காய்ந்து சுருங்கி, குழிக்குள் அழுத்தம் விட்டிருந்தது. ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, தூணைக் கழற்றி, உலோகக் குழாய்க்குள் ஒரு சின்ன ஆணித் துண்டைப் போட்டுத் தூணைத் திரும்ப முறுக்கினோம். முறுக்க முறுக்கக் குழாய் தானாக மேலே எழும்பி வந்தது. வயர் நுனியை இன்னும் கொஞ்சம் உரித்து, மடித்து, குழியின் பக்கவாட்டில் படுக்கவைத்து, மரக்கட்டை ஒன்றை மேலே வைத்துத் தட்டி இறக்கினோம். வொலியூமை அவனே முழுதாகத் திறந்துவிட்டு மீட்டரை வைத்தான். 0.4 ஓம்.

ஸ்ட்ரிங் முறுக்கச் சொல்லலாம் என்று திரும்பினால் ஆளைக் காணவில்லை. மீட்டரையும் எடுத்துக்கொண்டு, மூலையில் கிடந்த தன் ஆம்பின் ப்ளக்கைக் கையில் பிடித்து, எர்த் முள்ளில் ஒரு முனையை வைத்தபடி ஆம்பின் பின்பக்கத்தில் ஆணி தேடிக்கொண்டிருந்தான்.